சுருள்வில்லும் சாலையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

ஓடுகின்ற காரின் அழகைப் பார்ப்பவர் பலர். அதன் அடியில் குனிந்து பார்ப்பவர் சிலர். ஒரு காரின் பெருமையைச் சொல்ல வேண்டுமானால் எஞ்சினின் குதிரைத்திறனைச் சொல்கிறோம். ஆனால் எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும், பிரேக் எவ்வளவு பிடித்தாலும், ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும், அவை யாவும் பலன் தருவது நான்கு டயர்கள் தரையைத் தொடும் உள்ளங்கை அகலமான நான்கு இடங்களில்தான். அந்த நான்கு இடங்களும் தரையை விட்டு அகலாமல் பார்த்துக்கொள்வதே சஸ்பென்ஷன் எனப்படும் அமைப்பின் முதல் வேலை. உட்கார்ந்திருப்பவருக்குக் குலுங்காமல் இருப்பது அதன் இரண்டாவது வேலை.

பழைய கார் ஒன்றை வாங்கி, அதை வேகக் காராக மாற்றியமைக்க விரும்பும் இளைஞர்கள் தாம்பரம் வட்டாரத்தில் பலர் உண்டு. எதை மாற்றுவது, எந்த வரிசையில் மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பவற்றை நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். இதை எழுத எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்று. என் தாய்மாமா மேற்குத் தாம்பரத்தில் ஒரு பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சஸ்பென்ஷன் வேலை பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பட்டறையில் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவனும் நான்தான். மாமா எட்டாம் வகுப்போடு நின்றவர். எனினும் அவர் கையால் செய்வதற்கும் நம் பேராசிரியர்கள் கரும்பலகையில் எழுதுவதற்கும் இடையே வேற்றுமை இல்லை என்பதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியே இக்கட்டுரையாகியது.

மறைமலைநகரில் பிறந்த கார்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி ஆகியவற்றைக் கடந்து மறைமலைநகர் வரும். அங்கிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் 1999-ஆம் ஆண்டு முதல் உருவானது ஐகான் என்னும் நான்கு கதவுக் கார். நடுத்தரக் குடும்பத்துக்கென விற்கப்பட்ட கார்களில் ஓட்டுபவரின் மகிழ்ச்சியை முன்வைத்து விளம்பரம் செய்யப்பட்ட கார் இது. ‘ஜோஷ் மெஷின்’ என்று இதற்குப் பெயரே சூட்டினார்கள். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022-இல் மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றது. ஐகான் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நின்றுவிட்டது. ஆயினும் அக்கார்கள் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. விலை குறைவு, திறன் அதிகம் என்பதால் மாற்றியமைக்க விரும்புவோர் தேடி வாங்கும் கார்களில் அதுவும் ஒன்று.

இதன் முன்புறத்தில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியாளர் உருவாக்கிய இந்த அமைப்பை ஃபோர்டு நிறுவனம் 1950-இல் இங்கிலாந்தில் தன் கான்சல், செஃபிர் கார்களில் பொருத்தியது. சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்பது இதன் சிறப்பு. பின்புறத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குவிட்டம் ஒன்று உள்ளது. இன்றைய சிறிய, நடுத்தரக் கார்கள் பலவற்றிலும் இதே அமைப்புதான். ஆகையால் ஐகானுக்குச் சொல்வது மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எங்கள் தெருவில் வசிக்கும் அண்ணன் ஒருவர் ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுச் சேமிப்பில் ஓர் ஐகானை வாங்கினார். கையில் மேலும் 40 ஆயிரம் ரூபாய் இருந்தது. நேரே பட்டறைக்கு வந்து, “அண்ணே, ஸ்பிரிங்கை வெட்டி ரெண்டு இஞ்ச் இறக்கிக் குடுங்க” என்றார். மாமா காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “வெட்டுறது அஞ்சு நிமிஷ வேலை தம்பி. அம்மாவை எங்க உக்கார வைப்பே?” என்று கேட்டார். அந்த அண்ணனின் தாயாருக்கு முதுகெலும்பில் நோவு. மாதம் ஒருமுறை அவரைச் செங்கல்பட்டுக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதும் இதே காரில்தான். மாமா கேட்ட கேள்விக்கு விரிவான விடையைத்தான் இனி நாம் காணப் போகிறோம்.

சுருள்வில் சொல்லும் கணக்கு

பட்டறையில் ஸ்பிரிங் என்பதும் பாடநூலில் சுருள்வில் என்பதும் ஒன்றே. இழுப்புக்கும் நீட்சிக்கும் உள்ள விகிதம் மாறாது என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதியே இதற்கு அடிப்படை. ஒரு வில்லை 1 மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டுமோ அதுவே அதன் மாறிலி.

கணக்கின் எளிமைக்காக, சுருள்விற்களின் மேல் அமர்ந்துள்ள காரின் நிறை 1,000 கிலோ என்றும், அது நான்கு மூலைகளிலும் சமமாக, மூலைக்கு 250 கிலோவாக அமர்ந்திருக்கிறது என்றும் கொள்வோம். வில்லின் மாறிலி மில்லிமீட்டருக்கு 18 நியூட்டன் என்க. மாறிலியை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, அதை 6.28-ஆல் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும் என்பது நாம் சீரிசை இயக்கத்தில் படித்தது. விடை, விநாடிக்கு 1.35 அலைவு. சாதாரணப் பயணக் கார்களின் அதிர்வெண் ஏறக்குறைய 1 முதல் 1.5 வரை இருக்கும்.

இனி வில்லை 30 விழுக்காடு கடினமாக்கினால் அதிர்வெண் 1.54 ஆகிறது. இரு மடங்கு கடினமாக்கினால் 1.91 ஆகிறது. பந்தயக் கார்களில் 2-க்கும் மேலே செல்வதுண்டு. அங்கே அது பொருந்தும். காரணம், பந்தயத் தளம் வழவழப்பானது. நம் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூர் அருகில் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட பந்தயத் தளம் உள்ளது. அதற்கு முன்பு சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன. இருங்காட்டுக்கோட்டைத் தளத்தின் முழுச்சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். அங்கே வேகத்தடை இல்லை, தோண்டி மூடிய பள்ளம் இல்லை, குறுக்கே வரும் மாடும் இல்லை. முடிச்சூர் சாலையிலோ வேளச்சேரி சாலையிலோ ஒரு மழைக்காலம் முடிந்தபின் ஓட்டிப் பார்த்தவருக்கு வேறுபாடு விளங்கும்.

கரடான தளத்தில் வில் மிகக் கடினமாக இருந்தால் என்ன ஆகும்? மேட்டின் மேல் ஏறிய சக்கரம் வில்லை அமுக்குவதற்குப் பதில் காரையே தூக்குகிறது. மேடு முடிந்த இடத்தில் கார் இறங்குவதற்குள் சக்கரம் காற்றில் நிற்கிறது. காற்றில் நிற்கும் டயருக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. எனவே ‘கடினமான வில் அதிகப் பிடி தரும்’ என்பது வழவழப்பான தளத்துக்கு மட்டுமே பொருந்தும் உண்மை. நம் சாலையில் அதுவே பிடியைக் குறைக்கும்.

ஷாக் அப்சார்பர்

சுருள்வில் ஆற்றலைச் சேமிக்குமே தவிர அழிக்காது. தனியாக விட்டால் அது ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆற்றலை எண்ணெயின் வழியாக வெப்பமாக மாற்றி வெளியேற்றுவது ஷாக் அப்சார்பர். அதனுள் ஓர் உந்துதண்டு எண்ணெயில் மேலும் கீழும் செல்கிறது. சிறு துளைகள், வால்வுகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு செல்வதால் தடை உண்டாகிறது. நம் பாடத்தில் வரும் தடையுறு அலைவு இதுவே.

அலைவே இன்றி நிலைக்குத் திரும்பத் தேவைப்படும் தடையை 1 என்று வைத்தால், பயணக் கார்களில் பொதுவாக 0.2 முதல் 0.4 வரை தடை வைக்கிறார்கள். 1 என்று வைத்தால் ஒவ்வொரு சிறு கல்லும் முதுகில் இடிக்கும். மாமா காரின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விட்டுப் பார்ப்பார். ஒன்றரை ஆட்டத்தில் நின்றால் ஷாக் நல்லது. அதற்கு மேல் ஆடினால் மாற்ற வேண்டியது. இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். தடை 0.3 எனில், 5 சென்டிமீட்டர் அழுத்தி விட்ட கார் எதிர்ப்பக்கம் 1.9 சென்டிமீட்டர் எழும், மறுபடி 0.7 இறங்கும், அதன்பின் 0.3, அது கண்ணுக்குத் தெரியாது. ஷாக் கெட்டுத் தடை 0.1 ஆகிவிட்டால் 3.6, 2.7, 1.9, 1.4 என ஆட்டம் நீளும். கார் மூன்று நான்கு முறை தலையாட்டும். மாமாவின் ‘ஒன்றரை ஆட்டம்’ என்ற விதி, சூத்திரத்தின் விடையேதான்.

இதிலிருந்து முக்கியமான பாடம் ஒன்று கிடைக்கிறது. தடையின் அளவு வில்லின் கடினத்தையும் சார்ந்தது. ஷாக்கை மாற்றாமல் வில்லை மட்டும் 30 விழுக்காடு கடினமாக்கினால், 0.3 ஆக இருந்த தடை 0.26 ஆகக் குறைகிறது. வில்லை இரு மடங்கு ஆக்கினால் 0.21. அதாவது கடினமான வில்லுக்குப் பழைய ஷாக் போதாது. வில்லும் ஷாக்கும் மாடும் வண்டியும் போல; ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றியவர், முன்னைவிட மோசமான காரைப் பணம் கொடுத்து வாங்கியவர் ஆவார்.

தாழ்த்தினால் என்ன கிடைக்கும்?

காரைத் தாழ்த்துவதற்குச் சொல்லப்படும் காரணம், ஈர்ப்பு மையம் கீழிறங்கும் என்பது. அது உண்மையே. ஆனால் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

கார் வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. நிறையையும் பக்கவாட்டு முடுக்கத்தையும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் பெருக்கி, இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தால் வகுத்தால் மாறும் எடை கிடைக்கும். 1,000 கிலோ, புவியீர்ப்பின் 0.6 பங்கு முடுக்கம், 55 சென்டிமீட்டர் உயரம், 1.4 மீட்டர் அகலம் என வைத்தால் விடை 236 கிலோ. காரை 4 சென்டிமீட்டர் தாழ்த்தினால் அது 219 கிலோ ஆகிறது. மிச்சம் 17 கிலோ. ஏறக்குறைய 7 விழுக்காடு.

இச்சூத்திரத்தில் வில்லின் மாறிலி எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்கவும். வில்லைக் கடினமாக்கினால் கார் சாய்வது குறையும்; ஆனால் மாறும் எடையின் மொத்தம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். சாயாத கார் சறுக்காத கார் என்று எண்ணுவது கண் செய்யும் மயக்கம்.

இனி அந்த 7 விழுக்காட்டுக்கு நாம் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த தரத்தின்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கு அது ஏற்றது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 2.5 மீட்டர் இடைவெளி உள்ள கார் அதன் மேல் நிற்கும்போது இரு சக்கரங்களும் வேகத்தடையின் மேலேயே இருக்கும். ஆகவே வயிற்றுப் பகுதிக்குக் குறையும் இடைவெளி 4.6 சென்டிமீட்டர் மட்டுமே. ஆனால் உட்புறத் தெருக்களில் ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாமல், அதே 10 சென்டிமீட்டர் உயரத்தில் போடப்பட்ட தடைகள் எத்தனை! அவற்றைக் கடக்கும்போது இரு சக்கரங்களும் தரையில் இருக்க, தடை முழுவதும் வயிற்றுக்குக் கீழே வருகிறது. குறைவது முழு 10 சென்டிமீட்டர்.

வெறும் காரின் தரை இடைவெளி 16 சென்டிமீட்டர் என்போம். ஐந்து பேரும் மூட்டையும் சேர்ந்து 300 கிலோ ஏறினால், நாம் எடுத்துக்கொண்ட நான்கு விற்களும் 4 சென்டிமீட்டர் அமுங்கும். மீதம் 12. குறுகிய வேகத்தடையில் 10 போக மிச்சம் 2 சென்டிமீட்டர். மெதுவாகச் சென்றால் தப்பிக்கலாம். இதே காரை 4 சென்டிமீட்டர் தாழ்த்தி, வில்லை 20 விழுக்காடு கடினமாக்கியிருந்தால், அமுக்கம் 3.4 ஆகக் குறைந்தாலும் மிஞ்சுவது 8.6 மட்டுமே. 10 சென்டிமீட்டர் தடையில் எண்ணெய்த் தொட்டியின் அடிப்பாகமோ புகைக்குழாயோ உரசியே தீரும். அண்ணன் கேட்டது இரண்டு அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர் என்பதை நினைவில் கொள்க.

வெட்டிய சுருள்வில்

சுருள்வில்லின் மாறிலி, கம்பி விட்டத்தின் நான்காம் படிக்கு நேர் விகிதத்திலும், சுருள் விட்டத்தின் மூன்றாம் படிக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர் விகிதத்திலும் இருக்கும். ஆறு சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் மீதமுள்ள வில் 20 விழுக்காடு கடினமாகிறது என்பது இதனால் விளங்கும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 மில்லிமீட்டர் கம்பியில் வில் செய்தால், ஒரே மில்லிமீட்டரில் கடினம் ஏறக்குறைய 38 விழுக்காடு உயர்கிறது. வில் செய்வது எவ்வளவு நுட்பமான தொழில் என்பதற்கு இது சான்று.

வெட்டுவதில் உள்ள கேடு கடினம் கூடுவது மட்டுமன்று. வில்லின் முனை, அது அமரும் கிண்ணத்துக்கு ஏற்ற வடிவில் செய்யப்பட்டிருக்கும். வெட்டிய முனை சரியாக அமராது. நீளம் குறைந்த வில், சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது கிண்ணத்தைவிட்டு நழுவக்கூடும். கேஸ் வைத்து அறுத்தால் அந்த வெப்பத்தில் எஃகின் பதம் கெடுகிறது. அவ்விடத்தில் வில் பிற்பாடு உடையலாம். ஷாக் அப்சார்பரின் தண்டு எப்பொழுதும் பாதி உள்ளே சென்ற நிலையிலேயே வேலை செய்வதால், சிறு பள்ளத்திலும் ரப்பர் முட்டுக்கட்டையில் போய் இடிக்கும். கீழ்க் கைகளின் கோணம் மாறுவதால் சக்கரங்களின் சாய்வும் நேர்க்கோடும் மாறி, டயர் ஓரத்தில் தேயும். எஞ்சினிலிருந்து முன் சக்கரத்துக்குச் செல்லும் தண்டுகளின் மூட்டுகள் வேறு கோணத்தில் சுழல வேண்டி வரும். மெக்ஃபர்சன் அமைப்பில் இன்னொரு சங்கடமும் உண்டு. காரைத் தாழ்த்தும்போது, அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அப்புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழிறங்கிவிடுகிறது. இதனால் சாய்வைக் குறைக்கத் தாழ்த்தியவர், சாய்க்கும் நெம்பின் நீளத்தைக் கூட்டியவராகிறார்.

முன்னும் பின்னும்

ஒரு டயரின் மேல் எடையை இரட்டிப்பாக்கினால் பிடி இரட்டிப்பாகாது. அதைவிடக் குறைவாகவே கூடும். எனவே எந்தப் பக்கத்து அச்சில் அதிக எடை உள்ளிருந்து வெளிக்கு மாறுகிறதோ, அந்த அச்சு முதலில் பிடியை இழக்கும். சாய்வுத் தடுப்புக் கம்பி என்பது இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி. அது மாறும் எடையின் மொத்தத்தைக் குறைப்பதில்லை. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே பங்கு பிரிக்கிறது.

ஐகான் போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சினின் எடையும் முன்னே, இழுப்பும் முன்னே, திருப்பமும் முன்னே. ஆகையால் வேகமாகத் திரும்பும்போது முன்புறம் வெளியே நழுவுவது இவற்றின் இயல்பு. பின்புறத்தைச் சற்றுக் கடினமாக்கினால் இந்த இயல்பு குறைந்து கார் துடிப்பாகத் திரும்பும். பந்தய வீரர் இதை விரும்புவார். அளவு மீறினால், ஈரச் சாலையில் வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே பின்புறம் வீசிவிடும். முன்புறம் நழுவும்போது சாதாரண ஓட்டுநர் இயல்பாகவே வேகத்தைக் குறைப்பார், கார் மீளும். பின்புறம் வீசினால் மீட்கப் பயிற்சி வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

பெரிய சக்கரமும் மெல்லிய டயரும் போடுவோருக்கும் ஒரு சொல். சுருள்வில்லுக்குக் கீழே உள்ள எடை கூடக்கூட, சக்கரம் தரையைப் பின்தொடர்வது கடினம். டயரே ஒரு வில்தான். மில்லிமீட்டருக்குச் சுமார் 180 நியூட்டன் எனலாம். 30 கிலோ எடையுள்ள சக்கரத் தொகுதி அதன்மேல் விநாடிக்கு ஏறக்குறைய 13 முறை துள்ளும். அந்தத் துள்ளலையும் அடக்க வேண்டியது அதே ஷாக்தான். டயரின் பக்கச்சுவர் மெலிந்தால் பள்ளத்தின் அடி நேராக விளிம்பின் மேல் விழும், விளிம்பு நெளியும்.

தேர்ந்தெடுக்கும் வரிசை

மேற்கண்டவற்றால் செலவு செய்ய வேண்டிய வரிசை தானே புலப்படும்.

முதலாவது டயர். நல்ல டயரும் சரியான காற்றழுத்தமும் தரும் பிடியை வேறெந்தப் பாகமும் தராது.

இரண்டாவது, தேய்ந்தவற்றை மாற்றுதல். கீழ்க் கையின் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராடு, ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள ரப்பர், பின் விட்டத்தின் புஷ் ஆகியவை பத்துப் பதினைந்து ஆண்டுக் காரில் இறுகியோ கிழிந்தோ இருக்கும். இவற்றைப் புதிதாக்கினாலே ‘கார் புதுசாயிடுச்சு’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாலியூரித்தேன் புஷ் ரப்பரைவிட இறுக்கமானது, திருப்பம் கூர்மையாகும், அதற்கு ஈடாக ஓசையும் அதிர்வும் உள்ளே வரும்.

மூன்றாவது ஷாக் அப்சார்பர். இரு பக்கமும் இணையாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்பது கூடாது.

நான்காவது சுருள்வில். மாற்றியே ஆக வேண்டுமெனில், அந்தக் காருக்கென்றே செய்யப்பட்ட, 20 அல்லது 30 விழுக்காட்டுக்கு மேல் கடினம் கூடாத, உயரத்தை மிகச் சிறிதே குறைக்கும் முழு வில்லை, அதற்கு இணையான ஷாக்குடன் மாற்றலாம்.

ஐந்தாவது, உயரமும் தடையும் திருகி மாற்றக்கூடிய காயிலோவர் தொகுதி. விலை மிகுந்தது, எதைத் திருகினால் என்ன ஆகும் என்று அறிந்தவருக்கும், பந்தயத் தளத்துக்குச் செல்பவருக்குமே பயன்படும். மற்றவர் கையில் அது திசை தெரியாத திருகாணி.

எதை மாற்றினாலும் இறுதியில் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியைச் சாலையில் விடக்கூடாது.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குப்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்பட வேண்டியது. அப்போதெல்லாம் வாகனம் ஆய்வுக்குச் செல்ல வேண்டும். தேய்ந்ததை அதே அளவில் புதிதாக்குவது பழுதுபார்ப்பு; வடிவத்தையும் உயரத்தையும் மாற்றுவது வேறு. ஐயமிருப்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

அண்ணனின் கார்

அந்த அண்ணனுக்கு மாமா சூத்திரம் எதையும் சொல்லவில்லை. காரைத் தூக்கி நிறுத்தி, டார்ச் விளக்கு அடித்துக் கிழிந்த புஷ்களைக் காட்டினார். ஒரு பக்க ஷாக்கில் எண்ணெய் கசிந்து தூசி படிந்திருந்ததைக் காட்டினார். பின் டயர்களின் வெடிப்பைக் காட்டினார். “இதெல்லாம் மாத்திட்டு ஓட்டிப் பாரு. அதுக்கப்புறமும் இறக்கணும்னு தோணுச்சுன்னா வா, பேசிக்கலாம்” என்றார். நான் ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் மேலே சொன்ன வேகத்தடைக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான்கு டயர், நான்கு ஷாக், முன்பின் புஷ்கள், அலைன்மென்ட் ஆகியவற்றோடு அவர் பணம் ஏறக்குறையத் தீர்ந்தது. சுருள்விற்கள் தொழிற்சாலையில் போட்டவையே. அடுத்த வாரம் வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் ஓட்டிவிட்டு வந்து, “வளைவுல ஒட்டிக்கிட்டுப் போவுது அண்ணே” என்றார். அவருடைய தாயார் சொன்னதை மாமா என்னிடம் பிறகு தெரிவித்தார்: செங்கல்பட்டு போய் வந்த அன்று இரவு, வெகுநாளைக்குப்பின் மாத்திரை போடாமல் தூங்கினாராம். இந்த ஒரு வேலைக்கு மாமா வாங்கிய கூலி, ஸ்பிரிங் வெட்டினால் கிடைத்திருக்கும் கூலியைவிட மூன்று மடங்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேர்மையும் பிழைப்பும் எப்போதும் பகையானவை அல்ல.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை முதல் சம்பளத்தில் ஒரு பழைய கார் வாங்குவோம். நம் வீட்டில் கார் வாங்கும் முதல் தலைமுறையாகவும் நாம் இருக்கக்கூடும். அப்போது காரின் தோற்றத்தைப் பார்த்துச் சுருள்வில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்; அது ஓடவிருக்கும் சாலையையும் அதில் அமரவிருப்பவர்களையும் பார்த்துத் தேர்ந்தெடுப்போம். இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு வில், இரும்புலியூருக்கு ஒரு வில் என்பதே இயற்பியல் சொல்லும் தீர்ப்பு. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் தடையுறு அலைவு, ஜி.எஸ்.டி. சாலையில் ஒவ்வொரு பள்ளத்திலும் நடந்துகொண்டிருக்கிறது. ஐயமுள்ளோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருகிலுள்ள பட்டறைக்குச் சென்று, நிற்கும் காரின் மூலையை அழுத்தி விட்டு, அது எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். மெக்கானிக்கிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.